பதினான்கு பேருக்கு ஒரு மேசை

1. முதல் புதன்கிழமை

எங்கள் மேசைக்கு முதன்முதலில் வந்தவர் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னோம். போய்விட்டார். அன்று வேறு ஒருவரும் வரவில்லை.

டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் ஒரு சமூக மண்டபம் அது. புதன்கிழமைகளில் பின்னேரம் நாலு மணி முதல் ஆறு மணி வரை ஒரு மூலையை எங்களுக்குத் தந்திருந்தார்கள். மேசையில் ஒரு அட்டையை நிறுத்தி வைத்திருந்தோம். “ரெஸ்டோரன்ட் வேலையில் உங்களைச் சமமாக நடத்துகிறார்களா? வந்து கதையுங்கள்” என்று நாலு மொழிகளில் எழுதியிருந்தது. தமிழ் என்னுடைய கையெழுத்து. இடம் போதாமல் கடைசிச் சொல் உடைந்து, பாதி அடுத்த வரிக்குப் போய்விட்டது.

என் பெயர் ஜெயராணி. மன்னாரிலிருந்து அகதியாக வந்த எங்களை ஸ்கீவ என்ற சிறு ஊரில் குடியேற்றினார்கள். அங்கே பெருந்தெருவோர விடுதி ஒன்றில் ஒப்வாஸ்க், அதாவது பாத்திரம் கழுவுவது, என் முதல் வேலை. பிறகு சலாட் வெட்டினேன், பிறகு அடுப்படி, கடைசியில் ஓகூஸில் ஒரு பெரிய ரெஸ்டோரன்டின் கிச்சன் லீடர். எல்லாமாக முப்பத்தொரு வருடம். யார் எந்த நாள் எங்கே நிற்பது என்ற அட்டவணைக்கு டேனிஷில் வாக்ட்பிளான் என்று பெயர். கடைசிப் பன்னிரண்டு வருடம் அதைப் போட்டவள் நான்.

ஓய்வு பெற்று மூன்றாம் மாதம் என் கணவர் சொன்னார்: “ராணி, நீர் வீட்டில எனக்கும் வாக்ட்பிளான் போடத் தொடங்கியிட்டீர். திங்கள் பாத்றூம், செவ்வாய் ஜன்னல். தயவுசெய்து வெளியில போய் ஆருக்காவது உதவி செய்யும்.”

அப்படித்தான் இந்தத் தொண்டர் குழுவுக்கு வந்தேன். குழுவில் ஆறு பேர். எல்லோரும் ரெஸ்டோரன்ட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஆரம்பித்தவர் கிர்ஸ்டன். நாற்பது வருடம் வெயிட்டராக நின்ற டேனிஷ் பெண்மணி. ஏன் ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன்.

“நான் ஓய்வு பெற்ற அண்டைக்கு ரெண்டு படம் எடுத்தவை,” என்றார். “ஒண்டு முன்னுக்கு வேலை செய்யிறவையோட, மற்றது கிச்சன் ஆக்களோட. வீட்டில போய் ரெண்டையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தன். ஒரு படத்தில எல்லாரும் வெள்ளை. மற்றதில ஒருத்தரும் வெள்ளையில்லை. நாப்பது வருசமா அந்தக் கதவுக்கால போய்வந்தனான் ராணி. எனக்குத் தெரியவேயில்லை.”

எனக்குத் தெரிந்திருந்தது. நான் கதவுக்கு மற்றப் பக்கம் நின்றவள். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. அது பிறகு வரும்.

2. துளசி

மூன்றாவது புதன்கிழமை, சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு தமிழ்ப் பெண் எங்கள் அட்டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, ‘கதையுங்’ மேல நிக்குது, ‘கள்’ தனியக் கீழ நிக்குது. எங்கட ஆம்பிளையள் கண்டால் இஞ்ச கள்ளு விக்கினம் எண்டெல்லோ வரப்போயினம்.”

“வந்தாலும் பரவாயில்லைப் பிள்ளை. ஒருத்தரையும் காணேல்ல. இரும்.”

இருந்தார். பெயர் துளசி. வயது நாற்பத்தொன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் செய்து வந்தவர். டேனிஷ் மொழிச் சோதனைகள் எல்லாம் பாஸ். துறைமுகப் பக்கம் ஒரு மீன் ரெஸ்டோரன்டில் ஆறு வருடமாக ஒப்வாஸ்க். இடைக்கிடை உருளைக்கிழங்கு உரிப்பது.

“முன்னுக்கு நிண்டு பரிமாற விருப்பம் அக்கா. எனக்கு ஆக்களோட கதைக்கிறது பிடிக்கும். மெனு முழுக்கப் பாடம். எந்த மீன் எங்க பிடிச்சது, எதுக்கு என்ன சோஸ், எல்லாம் தெரியும். புதுசா வாற வெயிட்டர்மாருக்கு நான்தான் சொல்லிக் குடுக்கிறனான். நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்திட்டன். நாலு பேரும் முன்னுக்கு நிக்கினம். நான் பின்னுக்கு நிக்கிறன்.”

“முதலாளியிட்டக் கேட்டனீரோ?”

“எத்தினை தரம்! ஹென்ரிக் ஒருநாளும் இல்லையெண்டு சொன்னதில்லை. ‘பேந்து பாப்பம் துளசி, விருந்தினருக்கு உன்னோட இன்னும் பழக்கமில்லை’ எண்டு சொல்லுவார். நல்ல மனுசன் அக்கா. அம்மா செத்தபோது பூக்கொத்தோட வீட்டை வந்தவர். அதுதான் கஷ்டம். கெட்டவர் எண்டால் எப்பவோ விட்டிட்டுப் போயிருப்பன்.”

கிர்ஸ்டனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் காலுறையை மேசையில் வைத்துவிட்டு, “விருந்தினரோ?” என்றார். “எந்த விருந்தினராம்?”

3. பதினான்கு பேர்

அன்றிரவே எனக்கு யோசனை வந்துவிட்டது. விருந்தினர்தான் தடை என்றால் நாங்களே விருந்தினராகப் போவோம். பெரிய மேசை ஒன்றைப் பதிவு செய்வோம். எங்களுக்குத் துளசிதான் பரிமாற வேண்டும் என்று கேட்போம். ஹென்ரிக் என்ன சொல்வார்?

குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கிர்ஸ்டன் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: “துளசிக்குத் தெரியுமா?”

“இல்லை. சந்தோசமான சர்ப்ரைஸ்,” என்றேன். முப்பத்தொரு வருட அனுபவம் பேசுவதாக எனக்கு நினைப்பு.

ஆட்கள் சேர்ப்பதில் எனக்குக் குறைவில்லை. குழுவில் ஆறு பேர். கோயிலில் என்னோடு பாடுகிற நாலு பேர். விபோர்க்கிலிருந்து என் தங்கை, அவளுடைய கணவர், அவர்கள் பக்கத்து வீட்டு டேனிஷ் அம்மா. பிறகு என் கணவர். பதினான்கு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி வெளிக்கிட்டு வந்துவிட்டார்கள்.

ஹென்ரிக்தான் வரவேற்றார். உயரமானவர், கண்ணாடி, சுருட்டிவிட்ட சேர்ட்டுக் கை. நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, “எங்களுக்குத் துளசிதான் பரிமாற வேணும்,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது.

“ஓ, துளசியின்ர சிநேகிதரோ! நில்லுங்கோ, நில்லுங்கோ, கூட்டிக்கொண்டு வாறன்.”

நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை. துளசி பரிமாறுவது என்பது அவருடைய தலையில் இல்லாத காட்சி. அதனால் தெரிந்த காட்சியாக அதை மாற்றிக்கொண்டார். ஒரு நிமிடத்தில் துளசியைக் கையோடு கூட்டிவந்து மேசைக்கு முன்னால் நிறுத்தினார். தலையில் வலை, முழங்கை வரை ரப்பர் கையுறை, ஈரம் சொட்டும் பிளாஸ்டிக் ஏப்ரன். நீராவியில் மூக்குக்கண்ணாடி வெள்ளையாக இருந்தது.

என் தங்கையின் கணவர் நல்லெண்ணத்தில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பக்கத்து மேசைக்காரர் ஒருவர் யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துப் பாடவே தொடங்கிவிட்டார்.

துளசி எல்லோருக்குமாக ஒரு சிரிப்புச் சிரித்தார். பிறகு குனிந்து என் காதுக்குள், “அக்கா, அங்க எனக்குத் தட்டுகள் குவிஞ்சு போய்க் கிடக்கு. நான் போறன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்களுக்குப் பரிமாற வந்த பெண் அந்தந்த மீனைப் பற்றி அழகாக விளக்கினாள். ஒவ்வொரு வசனமும் துளசி அன்று மண்டபத்தில் எங்களிடம் பாடமாகச் சொல்லிக்காட்டிய அதே வசனம்.

மீன் நன்றாக இருந்தது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

4. திட்டு

மறுநாள் துளசி தொலைபேசியில் அழைத்தார். நான் “ஹலோ” சொல்லி முடிக்கவில்லை.

“நான் உங்களிட்ட வந்தது வேலை விசயமா அக்கா. விளையாட்டுக் காட்ட இல்லை. கையுறையோட என்னைக் கொண்டுவந்து நிப்பாட்டி, அவ்வளவு சனத்துக்கு முன்னால! ஒரு வார்த்தை என்னட்டக் கேட்டிருக்கலாமே?”

“பிழைதான் பிள்ளை. நான் என்ன நினைச்சனான் எண்டால்…”

“நீங்கள் நினைச்சது எனக்குத் தெரியும். ஹென்ரிக்கும் நல்லதைத்தான் நினைக்கிறார். எல்லாரும் எனக்கு நல்லதைத்தான் நினைக்கினம். ஒருத்தரும் என்னட்டக் கேக்கினமில்லை.” கொஞ்சம் மூச்சு விட்டார். “நீங்களும் வாக்ட்பிளான் போட்டனீங்கள்தானே? உங்கட கிச்சன்ல ஒப்வாஸ்க்கில ஆர் நிண்டது?”

எங்கள் கிச்சன் கண்ணுக்கு முன்னால் வந்தது.

யூசுஃப் நின்றார். சோமாலியாவிலிருந்து வந்தவர். நான் கிச்சன் லீடராக வந்தபோதும் அங்கே நின்றார், ஒன்பது வருடம் கழித்து வேலையை விட்டுப் போன அன்றும் அங்கேதான் நின்றார். அடுப்படியில் டேனிஷ்காரர். சலாட்டிலும் குளிர் சாப்பாட்டிலும் எங்கட தமிழ் ஆட்கள், நானே பிடித்துப் போட்டவர்கள். வேலை பழக்க இலகு, பாஷை ஒன்று, சிரிப்பும் பம்பலுமாக வேலை நடக்கும். யூசுஃப் முறைப்பாடு செய்ததே இல்லை. அதனால் அவருக்கு அது விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளைக்காரர் எங்களைப் பின்பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று பன்னிரண்டு வருடம் புறுபுறுத்தேன். அந்தப் பின்பக்கத்துக்குள் நான் இன்னொரு பின்பக்கம் கட்டி வைத்திருந்தேன்.

இதை அப்படியே துளசியிடம் சொன்னேன்.

“சரி,” என்றார். “அப்ப உங்களுக்குத்தான் தெரியும். வாக்ட்பிளான் போடுற ஆளின்ர மண்டை எப்பிடி வேலை செய்யும்? அதைச் சொல்லுங்கோ.”

5. வாக்ட்பிளான் போடுகிறவரின் மண்டை

இளையவர்களுக்கு இந்தப் பகுதி பிரயோசனப்படும், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

ஆட்களை ஓரிடத்திலேயே வைத்திருப்பதற்கு வாக்ட்பிளான் போடுகிறவருக்குக் கெட்ட மனம் வேண்டியதில்லை. சோம்பல் போதும். போன கிழமைப் பிளானைக் கொப்பி பண்ணி, லீவு எடுத்தவரின் பெயரை மட்டும் மாற்றுவோம். யாரை எங்கே நிறுத்தினால் ஒருவரும் ஏன் என்று கேட்க மாட்டார்களோ, அங்கேயே நிறுத்துவோம். வெள்ளி, சனி என்றால் புதிதாக எதையும் செய்து பார்க்கப் பயம். செவ்வாய் மத்தியானம் என்றால் அந்தப் பயம் இல்லை. “எனக்கு வெயிட்டராக வேணும்” என்று ஒருவர் கேட்டால், “பேந்து பாப்பம்”, பிறகு பார்ப்போம், என்று சொல்லித் தள்ளிப்போட முடியும். “இந்தத் திகதி, இந்த நேரம்” என்று எழுதிக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. ஓம் அல்லது இல்லை என்று சொல்லியே ஆக வேண்டும்.

துளசி புதன்கிழமை வந்தார். என்னோடு முகம் கொடுத்துக் கதைத்தார், ஆனால் நான் நீட்டிய தேநீரை வாங்காமல் தானே போட்டுக் குடித்தார். கிர்ஸ்டன், அவர், நான் மூன்று பேரும் இருந்து ஒரு தாள் எழுதினோம். குற்றச்சாட்டு ஒரு சொல் கூட இல்லை. துளசி பழக்கிய நாலு பேரின் பெயர். ஒவ்வொருவருக்கும் முதலில் எத்தனை பழகு நாள் கொடுக்கப்பட்டது: மூன்று, மூன்று, மூன்று, மூன்று. கீழே துளசியின் பெயர்: இல்லை. அதன் கீழே, “எனக்கும் மூன்று செவ்வாய் மத்தியானம் வேண்டும். அவர்களைப் பார்த்த மாதிரியே என்னையும் பாருங்கள்.”

“தொழிற்சங்கத்தால ஒரு கடிதம் போடுவமா?” என்று கிர்ஸ்டன் கேட்டார். “சட்டம் உன்ர பக்கம்தான்.”

“அது என்ர ஹான்ட்பாக்கில இருக்கட்டும்,” என்றார் துளசி. “முதல்ல இது.”

பிறகு பயிற்சி. ஒரு கையில் மூன்று தட்டுத் தூக்க வேண்டும். மண்டபத்துத் தட்டுகளில் பாரத்துக்கு ஈர அரிசியைப் போட்டுக் கிர்ஸ்டன் பழக்கினார். முதல் நாள் ஒரு தட்டு என் கால் பெருவிரலில் விழுந்தது. துளசி மன்னிப்புக் கேட்டார். முகத்தில் அவ்வளவு கவலை தெரியவில்லை.

“இவ்வளவு சிரிக்காதை,” என்றார் கிர்ஸ்டன். “வரேக்க ஒரு சிரிப்பு. போகேக்க ஒண்டு. நடுவில மீனைப் பார்.”

தொந்தரவு பிடித்த விருந்தினராக நடிக்க என் கணவரைக் கூப்பிட்டோம். அவருக்கு அது நடிப்பாகவே இருக்கவில்லை. மீன் சின்னன் என்றார், தண்ணீர் குளிர் என்றார், கடைசியில் கொத்துரொட்டி இல்லையோ என்று கேட்டார். துளசி முகம் மாறாமல் டேனிஷில், “இண்டைக்கு இல்லை, ஆனால் உங்களுக்கு நல்ல ரசனை,” என்றார். கிர்ஸ்டன் எழும்பி நின்று கை தட்டினார். இந்தக் கைதட்டலை ஒருவரும் பிழையாக எடுக்கவில்லை.

6. செவ்வாய்க்கிழமை

ஹென்ரிக்கைப் பார்க்க நானும் வரட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம் அக்கா. நீங்கள் வந்தால் ஆராவது பாட்டுப் பாடுவினம்.”

தனியாகவே போனார். நடந்ததை அடுத்த புதன்கிழமை சொன்னார். ஹென்ரிக் தாளை இரண்டு தரம் வாசித்தாராம். முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது.

“நான் உனக்கு ஒருநாளும் மாட்டன் எண்டு சொல்லேல்லையே, துளசி.”

“ஓம். ஆறு வருசமா பேந்து எண்டு சொன்னனீங்கள். அது மாட்டன் எண்டதை விட நீளம்.”

அவர் தாளைத் திரும்பப் பார்த்தாராம். “நாலு பேருக்கும் மூண்டு நாளோ?” என்று தனக்குள் கேட்டாராம். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வாக்ட்பிளானில் அடுத்த செவ்வாயில் துளசியின் பெயரை எழுதினாராம். சந்தோசமாக எழுதவில்லை, ஆனால் எழுதினார்.

அந்தச் செவ்வாய் மத்தியானம் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. தலை காட்டவில்லை. துறைமுகப் பக்கம் போகிற பஸ்ஸில் மட்டும் இரண்டு தரம் போய்வந்தேன். ரெஸ்டோரன்ட் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சேர்ட் குறுக்கே போனது. அது துளசியாகவும் இருக்கலாம்.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது.

“அக்கா, ஒரு வயதான மனுசன், தனிய வந்தவர். நான் மெனு சொல்லச் சொல்ல, ‘என்ன, என்ன, விளங்கேல்ல’ எண்டு கத்துறார். எல்லாரும் திரும்பிப் பாக்கினம். ஹென்ரிக் ஓடி வந்திட்டார், ‘நான் பாக்கிறன், நீ போ’ எண்டு. பிறந்ததில இருந்து பேசின டேனிஷில முழுசா ஒருக்காச் சொன்னார். மனுசன் அவரையும் பாத்து, ‘என்ன, விளங்கேல்ல’ எண்டார்!”

“அப்ப?”

“காது கேக்காது அக்கா! காது மெசினை வீட்டில விட்டிட்டு வந்திட்டார். நான் மெனுவில விரலை வைச்சு, இது நல்லாயிருக்கும் எண்டு தலையாட்டினன். சாப்பிட்டு முடிய என்ர கையைப் பிடிச்சு, இந்தக் கடையில உன்ர பாஷை ஒண்டுதான் எனக்கு விளங்குது எண்டார்.”

ஹென்ரிக் அதற்கு என்ன சொன்னார் என்று கேட்டேன். “காது ரெண்டும் சிவந்து போச்சு.”

எல்லாம் அப்படிச் சிரிப்பாக முடியவில்லை. இரண்டாவது செவ்வாய் ஒரு தம்பதி துளசியைக் கண்டதும் மேசை மாற்றிக் கேட்டார்கள். காதில் எந்தக் குறையும் இல்லாதவர்கள். ஹென்ரிக் பார்த்துக்கொண்டு நின்றார், மாற்றியும் கொடுத்தார். வேலை முடிந்ததும் துளசி அவரிடம் போய், “அது என்ர மேசை,” என்று மட்டும் சொன்னார். மூன்றாவது செவ்வாய் அப்படி ஒருவர் கேட்டபோது ஹென்ரிக், “இது துளசியின்ர மேசை. மீனைப் பற்றி இவவை விட நல்லாத் தெரிஞ்ச ஆள் இஞ்ச இல்லை,” என்றாராம். விருந்தினர் முகத்தைச் சுழித்துக்கொண்டு இருந்து சாப்பிட்டார். உலகம் இடியவில்லை.

இப்போது துளசி கிழமையில் நாலு நாள் முன்னுக்கு நிற்கிறார். சனிக்கிழமையும் உண்டு. ஒப்வாஸ்க்கை எல்லோரும் முறை வைத்துச் செய்ய வேண்டும் என்று அடுத்த தாளை எழுதிக்கொண்டிருக்கிறார்.

7. ரொட்டி

யூசுஃப்பைத் தேடிப் பிடித்தேன். முதியோர் இல்லம் ஒன்றில் இப்போது தலைமைச் சமையல்காரர். போய்ப் பார்த்து, எங்கள் புதன்கிழமை மேசையைப் பற்றிச் சொன்னேன். வழி நெடுகப் பாடமாக்கிப் போன மன்னிப்பைப் பாதி சொன்னதும் நிறுத்தினார்.

“அடுப்படிக்கு மாத்தச் சொல்லி உன்னட்ட ரெண்டு தரம் கேட்டனான், மேரி.” ஜெயராணி வாயில் நுழையாத அந்தக் கிச்சனில் என் பெயர் மேரி. “ரெண்டு தரமும் அடுத்த மாசம் எண்டனீ.”

எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கு இருந்தது. அவர் ஒரு கோப்பியை என் முன்னால் தள்ளி வைத்து, “உந்தப் புதன்கிழமை வேலை எத்தினை மணிக்கு?” என்று கேட்டார்.

இப்போது எங்கள் வேலை கொஞ்சம் மாறிவிட்டது. மேசையில் காத்திருப்பதோடு, நானும் யூசுஃப்பும் சமையலறைகளுக்குப் போய் வாக்ட்பிளான் போடுகிறவர்களோடு கதைக்கிறோம். சிலர் கதவைச் சாத்துகிறார்கள். சிலர் கேட்கிறார்கள். நான் படித்த பாடம் சிறியது: ஒருவர் ஒன்றும் கேட்கவில்லை என்றால், அவருக்கு ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. உதவப் போகிற நாங்களும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழும்ப வேண்டும்.

போன மாதம் ஒரு ரெஸ்டோரன்டுக்குப் போனோம். கிச்சன் லீடர் எங்கட தமிழ் ஆள், ஐம்பது வயதிருக்கும். சலாட்டில் இரண்டு தமிழர். ஒப்வாஸ்க்கில் ஒரு ஆப்கானிஸ்தான்காரர். எனக்கு என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

“அவர் எவ்வளவு காலமா அங்க நிக்கிறார் தம்பி?”

“ஆறு வருசம் அக்கா. தங்கமான மனுசன். அவருக்கு அந்த இடம் விருப்பம். வேற ஒண்டும் கேக்கிறேல்ல.”

“நீங்கள் கேட்டனீங்களோ?”

அவர் என்னைப் பார்த்தார், யூசுஃப்பைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடம் ஆனது. பாத்திரச் சத்தம் நின்றது. திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

“அக்கா,” என்றார், “அவர் அங்க ஊரில இருபது வருசம் பேக்கரி வைச்சிருந்தவராம்.”

வாசல் பக்கம் கைகாட்டினார். அன்று பேக்கரியிலிருந்து வந்த பாண் பெட்டிகள் அங்கே அடுக்கியிருந்தன.

“நாங்கள் ஆறு வருசமா ரொட்டியும் பாணும் வெளியில இருந்து எடுக்கிறம்.”